செத்த காலேஜும் உயிர் காலேஜும்

"பட்டணம் போனா செத்த காலேஜ், உயிர் காலேஜ் ரெண்டையும் பாத்துட்டு வாங்க!"

ஒரு காலத்தில் சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களில், பட்டணம் புறப்படும் குடும்பத்துக்கு இப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். இந்த இரண்டு 'காலேஜ்'களிலும் யாரும் படித்துப் பட்டம் வாங்கியது இல்லை. செத்த காலேஜ் என்பது எழும்பூர் அரசு அருங்காட்சியகம். பாடம் செய்த மிருகங்களும் எலும்புக்கூடுகளும் பழைய சிலைகளும் இருக்கும் இடம் என்பதால் அது 'செத்த' காலேஜ். உயிர் காலேஜ் என்பது மிருகக்காட்சி சாலை. அங்கே எல்லாம் உயிரோடு உலாவும், உறுமும்!

இன்றைக்கு ஒன்று எழும்பூரிலும் மற்றொன்று வண்டலூரிலும் இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள். குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றிப் பார்க்கப் போகிற இடம் என்று மட்டுமே பலருக்குத் தெரிந்த எழும்பூர் மியூசியத்துக்குப் பின்னால் சுவையான ஒரு கதை இருக்கிறது. அருங்காட்சியகம் யாருக்காக, படித்தவர்களுக்கா, வேடிக்கை பார்க்க வரும் குடும்பங்களுக்கா என்ற ஒரு பழைய கேள்வியும் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

'காலேஜ்' எங்கிருந்து வந்தது?

1846-ல் சென்னை இலக்கியச் சங்கம் (மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி) இங்கே ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று யோசனை சொன்னது. பிறகு கவர்னராக வந்த சர் ஹென்றி பாட்டிஞ்சர் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அனுமதி வாங்கினார். 1851-ல் அருங்காட்சியகம் தொடங்கியது. இந்தியாவில் கல்கத்தாவுக்கு (1814) அடுத்த பழைய அருங்காட்சியகம் இதுதான்.

தொடங்கிய இடம் எழும்பூர் இல்லை. நுங்கம்பாக்கத்தில் இன்றும் 'காலேஜ் ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறதல்லவா? அங்கேதான் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்தது. 1812-ல் எல்லிஸ் துரை முயற்சியால் உருவான கல்லூரி அது. இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுக்கும் இடம். அந்தக் கட்டடத்தில்தான் இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 கற்களையும் கனிமங்களையும் வைத்து அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். கட்டடம் காலேஜ், உள்ளே இருப்பதெல்லாம் உயிரில்லாதவை. 'செத்த காலேஜ்' என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டியதில்லை. பொதுமக்கள் வைக்கிற பெயரில் எப்போதும் கொஞ்சம் சரித்திரம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

1854 டிசம்பரில் அருங்காட்சியகம் எழும்பூரில் 'பாந்தியன்' என்று அழைக்கப்பட்ட கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சீமான்களும் சீமாட்டிகளும் கூடி நடனமாடிய, விருந்துண்ட, நாடகம் பார்த்த இடம். பாந்தியன் சாலை என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். துரைமார்கள் மட்டுமே நுழைந்த கேளிக்கை மண்டபம், கிராமத்து ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு நுழையும் இடமாக மாறியது!

புலிக்குட்டி செய்த மாயம்

அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். ஸ்காட்லாந்துக்காரர். தொழிலால் டாக்டர். ஆனால் அவர் கை வைக்காத துறை குறைவு. இந்தியாவைப் பற்றி ஒரு பெரிய கலைக்களஞ்சியம் தொகுத்தார். காடுகள் அழிந்தால் மழை குறையும் என்று அந்தக் காலத்திலேயே எழுதினார். பெண்கள் மருத்துவம் படிக்க வேண்டும் என்று அவர் ஆதரவு கொடுத்ததால்தான் 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்கள் சேர முடிந்தது.

அவருக்கு அருங்காட்சியகத்தில் ஒரு சிக்கல். கற்களையும் கனிமங்களையும் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? அப்போது உயிருள்ள சில மிருகங்களைக் கொண்டுவந்து வளாகத்தில் வைத்தார்கள். அவற்றில் ஒன்று புலிக்குட்டி. அதைப் பார்க்க ஜனங்கள் திரண்டு வந்தார்கள். பால்ஃபர் விஷயத்தைப் புரிந்துகொண்டார். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையெல்லாம் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வைத்தார். 1855-ல் எழும்பூர் வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை பிறந்தது. அடுத்த ஆண்டே 300-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் அங்கே இருந்தன.

மிருகம் பார்க்க வந்த கூட்டம் அப்படியே உள்ளே போய்க் கற்களையும் சிலைகளையும் பார்த்தது. அதாவது, குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வருவது இந்த இடத்துக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இல்லை. ஆரம்பத்திலேயே அதை நம்பித்தான் பால்ஃபர் கூட்டம் சேர்த்தார்.

ஆனால் மிருகங்கள் பெருகப் பெருக எழும்பூரில் இடம் போதவில்லை. 1863-ல் மிருகக்காட்சி சாலை மாநகராட்சியிடம் போய், இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. உயிர் காலேஜ் தனிக்குடித்தனம் போனது. செத்த காலேஜ் எழும்பூரிலேயே தங்கியது.

காணும் பொங்கல் கூட்டம்

மிருகங்கள் போன பிறகும் கூட்டம் குறையவில்லை. அதிலும் காணும் பொங்கல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மாட்டு வண்டியிலும் ரயிலிலும் நடந்தும் வருவார்கள். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு, பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரு குடும்பமே வரும். பீப்பிள்ஸ் பார்க்கில் புலி, சிங்கம். 1900-க்குப் பிறகு பக்கத்திலேயே மூர் மார்க்கெட். அங்கிருந்து எழும்பூர். சாயங்காலம் கடற்கரை. இதுதான் பட்டணப் பயணம்.

1885 முதல் 1908 வரை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டவர் (1909). அருங்காட்சியகம் பெரிதாக வளர்ந்ததும் இவர் காலத்தில்தான். கன்னிமாரா நூலகம் இதே வளாகத்தில் 1896-ல் திறக்கப்பட்டது.

ஆனால் இந்தக் குடும்பக் கூட்டத்தைப் பற்றி அவருக்கு உயர்வான எண்ணம் இல்லை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் அருங்காட்சியகத்தை ஒரு 'தமாஷா' வீடாகத்தான் நினைக்கிறார்கள், கண்ணைக் கவர்ந்தால் போதும், எதை எப்படி வைத்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான் என்கிற பொருளில் எழுதினார். முறையாக வகைப்படுத்தி அடுக்கிய கூடங்களைப் பேசாமல் வேகமாகக் கடந்து போகிறார்கள், ஆனால் பொம்மைகளையும் வர்ணம் பூசிய பழங்களின் மாதிரிகளையும் கண்டால் நின்று சத்தம் போட்டு ரசிக்கிறார்கள் என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அவரே பார்வையாளர்களில் சிலரை நிறுத்தி மூக்கின் அகலம், தலையின் நீளம் என்று கருவி வைத்து அளவெடுத்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களே வேடிக்கைப் பொருளாகிவிட்டார்கள்!

யாருக்குப் புரியவில்லை?

தர்ஸ்டன் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அது வந்தவர்களின் குறை இல்லை என்பது விளங்கும். ஆங்கிலத்திலும் லத்தீனிலும் எழுதிய பெயர்ச்சீட்டுகளுக்கு முன்னால் ஒரு விவசாயக் குடும்பம் எவ்வளவு நேரம் நிற்கும்? தெரிந்த பழத்தின் மாதிரியைக் கண்டால் 'இது நம்ம ஊர்ல இருக்கே!' என்று நிற்பதுதானே இயல்பு? தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதுதான் கல்வி. வழி காட்ட ஆள் இல்லை என்பதற்காக வந்தவரை அறியாதவர் என்று சொல்லிவிட முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எழும்பூரின் பெருமையே அதன் வெண்கலக் கூடம்தான். திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் என்று சோழர் காலச் செப்புத் திருமேனிகளை அங்கே பார்க்கலாம். திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களை மட்டும் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோதான் மயங்கிப்போய் ஒரு கட்டுரை எழுதினார். அது அவர் இறந்த பிறகு 1921-ல் வெளிவந்தது.

இந்தக் கூடத்தில் இருக்கும் பல சிலைகள் எப்படி வந்தன? ஆராய்ச்சியாளர்கள் தேடிக் கண்டுபிடித்தவை அல்ல. படையெடுப்புக் காலங்களில் பாதுகாப்புக்காகப் பூமிக்கடியில் புதைக்கப்பட்டவை. பல நூறு வருஷம் கழித்து வயலில் உழும்போதோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ மண்வெட்டியில் தட்டுப்பட்டு வெளியே வந்தவை. 1878-ல் வந்த புதையல் சட்டத்தின்படி அவை கலெக்டர் மூலமாக அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆக, யாரைத் 'தமாஷா' பார்க்க வந்த கூட்டம் என்று சொன்னார்களோ, அவர்களைப் போன்றவர்களின் கைதான் அந்தக் கூடத்தை நிரப்பியது. காணும் பொங்கலுக்கு வந்த ஏதோ ஒரு குடும்பம், தங்கள் ஊர் மண்ணிலிருந்து வந்த சாமியைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும். பெயர்ச்சீட்டைப் படிக்காவிட்டாலும் அந்தச் சிலை யார் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும்.

போனதும் இருப்பதும்

எல்லாம் இங்கேயே தங்கிவிடவில்லை. ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபத்தை 1845-ல் வால்டர் எலியட் தோண்டினார். அற்புதமான சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் சென்னைக்கு வந்தன. வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-ல் 121 கற்கள் லண்டனுக்குக் கப்பல் ஏறின. இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. எழும்பூரில் இருப்பவற்றையும் 1880-களில் சுவரோடு சுவராகப் பதித்துவிட்டார்கள். ஒரே ஸ்தூபத்தின் கற்கள் இரண்டு கண்டங்களில் பிரிந்து கிடக்கின்றன.

ஆதிச்சநல்லூரிலும் இப்படித்தான். 1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டியெடுத்த பொருட்கள் பெர்லினுக்குப் போயின. அதன் பிறகு 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டியவை எழும்பூருக்கு வந்தன.

போனவற்றைச் சொல்லும்போது வந்தவற்றையும் சொல்ல வேண்டும். மிருகங்கள் எழும்பூரை விட்டுப் போன அதே 1863-ல் மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் ஆதி மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் முக்கியச் சான்று அது. சில மாதங்களில் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்குள்ள பழைய கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வயது என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பை 1904-ல் எழும்பூர் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது.

உயிர் காலேஜ் கதை 1985-ல் முடிந்தது. அந்த வருஷம் மே மாதம் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. ஜூலை 24-ல் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. இரண்டே மாதத்தில் பழைய பட்டணப் பயணத்தின் இரண்டு நிறுத்தங்கள் இல்லாமல் போயின. மிஞ்சியது செத்த காலேஜ் மட்டும்தான்.

இன்று குடும்பத்தோடு போனால்...

வெள்ளிக்கிழமை மட்டும் போகக் கூடாது, அன்று விடுமுறை. மொத்தம் 46 கூடங்கள் இருப்பதாகக் கணக்கு. ஒரே நாளில் அத்தனையும் பார்க்க நினைத்தால் தர்ஸ்டன் சொன்னதுபோல வேகமாக ஓடத்தான் முடியும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் திமிங்கல எலும்புக்கூட்டிலும் யானை எலும்புக்கூட்டிலும் தொடங்குவது நல்லது. பால்ஃபரின் புலிக்குட்டி செய்த வேலையை இன்று இவைதான் செய்கின்றன. பிறகு ஃபூட்டின் கற்கள், ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள், அமராவதிச் சுவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியாக வெண்கலக் கூடத்துக்குப் போகலாம். அங்கே அவசரப்படக் கூடாது.

முடிந்தால் வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியையும் கூட்டிப் போக வேண்டும். பழைய நாணயம், பழைய ஆயுதம், பழைய பாத்திரம் என்று பிள்ளைகள் பார்க்கும் பொருளுக்கு அவர்களிடம் ஒரு கதை இருக்கும். எந்தப் பெயர்ச்சீட்டிலும் இல்லாத கதை. பால்ஃபருக்கும் தர்ஸ்டனுக்கும் கிடைக்காத வழிகாட்டி அவர்கள்தான். 'செத்த காலேஜ்' என்ற பெயரைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தானே!