பொழுது சாய்ஞ்சா கோழி ஏன் மேல ஏறுது?

இன்னிக்கு எபிசோட் ஒரு சின்னக் கேள்வியில ஆரம்பிக்குது. புதுசா கோழி வளர்க்கிற எல்லாரும் ஒரு தடவையாவது கேட்கிற கேள்விதான். செலவு பண்ணி நல்லா ஒரு கூண்டு செஞ்சாச்சு. கதவும் திறந்துதான் இருக்கு. ஆனா பொழுது சாய்ஞ்சதும் கோழி அந்தக் கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காம முருங்கை மரத்துல ஏறி உட்காருது. ஏன்?

கோழிக்கு மூளை இல்லைன்னு சொல்லி முடிச்சிடலாம். ஆனா அந்தக் கோழி செய்யறது, அதோட இனம் மனுஷனைச் சந்திக்கிறதுக்கு முன்னாடியே கத்துக்கிட்ட வேலை. அங்கிருந்துதான் இந்தக் கதை தொடங்குது.

நம்ம வீட்டுக் கோழியோட மூதாதை, தென்கிழக்கு ஆசியக் காடுகள்ல இருக்கிற சிவப்புக் காட்டுக்கோழி. பகல் முழுக்கத் தரையில கிளறித் திங்கும், ராத்திரி மரத்துல தூங்கும். காரணம் எளிமையானது. கோழிக்குப் பகல் பார்வை அபாரம், இருட்டுல பார்வை ரொம்ப மோசம். இருட்டின பிறகு தரையில இருந்தா காட்டுப்பூனைக்கு இரைதான். அதனால வெளிச்சம் மங்க ஆரம்பிக்கும்போதே, கண்ணு தெரியும்போதே, உயரமான ஒரு கிளையைப் பிடிச்சாகணும். அந்த அரை மணி நேரம்தான் கோழிக்குக் கெடு.

அப்போ இந்தப் பறவை மரத்தை விட்டு நம்ம வாசலுக்கு எப்படி வந்தது? 2022-ல ஒரு பெரிய ஆய்வு வெளியாச்சு. 89 நாடுகள்ல 600-க்கும் மேற்பட்ட தொல்லியல் இடங்கள்ல கிடைச்ச கோழி எலும்புகளை மறுபடி பரிசோதிச்சாங்க. உறுதியா வீட்டுக் கோழின்னு சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தில் உள்ள பான் நான் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை. காலம், சுமார் கி.மு. 1650 முதல் 1250 வரை. அந்தப் பகுதிகள்ல மானாவாரி நெல்லும் தினையும் பரவின சமயம் அது. வயல்லயும் களத்துலயும் சிந்தின தானியம்தான் காட்டுக்கோழியை மனுஷன் பக்கம் இழுத்திருக்கணும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

கவனிங்க, தானியம் இழுத்தது பகல் கோழியைத்தான். ராத்திரிக் கோழி மனசளவுல இன்னும் மரத்துலயேதான் இருந்தது. அதை வீட்டுக்குள்ள தூங்க வைக்கிறது தனி வேலை. அந்த வேலைக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின குறிப்பே இருக்கு.

கி.பி. முதல் நூற்றாண்டுல கொலுமெல்லான்னு ஒரு ரோமானிய எழுத்தாளர், விவசாயம் பற்றி 12 பகுதிகள் கொண்ட ஒரு நூல் எழுதினார். அதில் கோழி வீடு கட்டுவதற்கு நுணுக்கமான யோசனைகள் இருக்கு. சமையலறை பக்கத்துல கட்டு, புகை கோழிக்கு நல்லதுங்கிறார். அதைவிட எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. கோழி உட்காரும் கட்டையை உருட்டையா விடாதே, சதுரமா செதுக்குங்கிறார். வழுவழுன்னு உருண்டையா இருந்தா, மேலே தாவுற கோழிக்குப் பிடி கிடைக்காதாம். இதை எழுதினவர் சாயங்காலம் கோழி தாவுறதை உட்கார்ந்து பார்த்திருக்கணும். கோழியை மாத்தணும்னு அவர் நினைக்கலை. அது தேடுற கிளையை வீட்டுக்குள்ள செஞ்சு கொடுத்தார்.

நம்ம ஊர்லயும் இதே அறிவு வேற வடிவத்துல இருக்கு. சந்தையில வாங்கின கோழியை வந்ததும் அவிழ்த்து விட மாட்டாங்க. சில நாள் காலில் கயிறு கட்டி வைப்பாங்க, இல்லைன்னா பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்ப்பாங்க. இன்னிக்குக் கோழி வளர்க்கிறவங்களும் இதைத்தான் செய்யறாங்க. புதுக் கூண்டுலயே சில நாள் அடைச்சு வெச்சு, தீனியும் தண்ணியும் உள்ளேயே கொடுக்கறாங்க. அப்புறம் திறந்து விட்டும் ஏதாவது ஒண்ணு மரத்துல ஏறிட்டா, நல்லா இருட்டினதும் போய்த் தூக்கிட்டு வந்து கட்டை மேல வைக்கறாங்க. கண்ணு தெரியாததால அது எதிர்க்காது. திரும்பத் திரும்ப அங்கேயே விடிஞ்சா, அதுதான் வீடுன்னு மனசுல பதிஞ்சிடும். மேல ஏறுற ஆசையை யாரும் கத்துக்கொடுக்கலை. எங்கே ஏறணுங்கிறதை மட்டும்தான் கத்துக்கொடுக்கறாங்க.

இருபதாம் நூற்றாண்டுலதான் இந்த அறிவு தலைகீழாச்சு. முட்டை உற்பத்தி தொழிற்சாலை வேலையா மாறினப்போ, வரிசை வரிசையா கம்பிக் கூண்டுகள் வந்தது. உள்ளே கட்டை கிடையாது, சரிவான கம்பித் தரை மட்டும்தான். தீனி தேடி வரும், முட்டை உருண்டு போகும், நோயும் கழிவும் சமாளிக்க வசதி. கணக்குப்படி எல்லாம் சரி. ஆனா பொழுது சாயுற அந்த அரை மணி நேரத்துக்கு அந்தக் கணக்குல இடமே இல்லை.

1964-ல ரூத் ஹாரிசன்ங்கிற பிரிட்டிஷ் எழுத்தாளர் 'அனிமல் மெஷின்ஸ்' என்ற புத்தகத்துல இந்தப் பண்ணைகளை மக்கள் முன்னாடி வெச்சாங்க. எழுந்த அதிர்ச்சியில் பிரிட்டன் அரசு ஒரு குழு போட்டது. 1965-ல வந்த பிராம்பெல் குழு அறிக்கை, ஒரு விலங்குக்குக் குறைஞ்சது எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன்னைக் கோதிக்க, கைகால் நீட்ட இடம் வேணும்னு சொன்னது. இவ்வளவையும் எழுத்துல சொல்ல வேண்டிய நிலைமை!

அப்புறமும் 34 வருஷம் ஆச்சு. 1999-ல ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. 2012 ஜனவரி 1 முதல் வெறும் கம்பிக் கூண்டுக்குத் தடை. அதுக்கு முந்தின கடைசி வருஷங்கள்ல ஒரு கோழிக்குச் சட்டம் கேட்ட இடம் 550 சதுர செ.மீ. ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. புதுச் சட்டத்துல இன்னொரு வரியும் இருந்தது: ஒவ்வொரு கோழிக்கும் உட்காரும் கட்டையில 15 செ.மீ. இடம் வேணும். நம்ம பள்ளிக்கூட சின்ன ஸ்கேலோட நீளம். காட்டுல இலவசமா கிடைச்ச கிளை, சட்டப் புத்தகம் வழியா 15 செ.மீ.யா திரும்பி வந்தது.

கட்டை வெச்சா மட்டும் போதுமா? போதாதுன்னு 2000-ல வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு காட்டுச்சு. குஞ்சுகள்ல பாதிக்குப் பிறந்ததுல இருந்தே கட்டை கொடுத்தாங்க, மீதிக்கு 8 வாரம் கழிச்சுத்தான். வளர்ந்த பிறகு உயரத்துல தீனி வெச்சுப் பார்த்தாங்க. தாழ்வான தட்டுல ரெண்டு கூட்டமும் ஒண்ணுதான். உயரமும் சிக்கலும் கூடக் கூட, தாமதமா கட்டையைப் பார்த்த கோழிகள் திணறின. உடல் பலம் குறைவா இருந்தா தாழ்வான தட்டுலயே தெரிஞ்சிருக்கும். அதனால, மேல ஒரு உலகம் இருக்குன்னு கணிக்கிற திறமை அவற்றுக்குச் சரியா வளரலைன்னு ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தாங்க. ஏறுற ஆசை ரத்தத்துல வரும், ஏறுற வழி சின்ன வயசுல பழகினாத்தான் வரும்.

அதனாலதான் இப்போ கூண்டில்லாப் பெரிய பண்ணைகள்ல விளக்கைப் பட்டுன்னு அணைக்கிறதில்லை. மெதுவா மங்க விடுறாங்க, கோழிங்க ஏறி முடிக்கட்டும்னு. மின்சாரத்தால செஞ்ச ஒரு அந்திப் பொழுது.

இந்தியாவுல, நம்ம நாமக்கல்லையும் சேர்த்து, முட்டைக் கோழிகள் பெரும்பாலும் இன்னும் கம்பிக் கூண்டுலதான் இருக்கு. முட்டை எல்லாருக்கும் எட்டுற விலையில கிடைக்கிறதுக்கு அந்தக் கூண்டும் ஒரு காரணம். அதை லேசா ஒதுக்கிட முடியாது. ஆனா அந்த விலையை நம்மளோட சேர்ந்து இன்னொரு உயிரும் தினமும் சாயங்காலம் கட்டுது.

அதனால உங்க கோழி புதுக் கூண்டுக்குள்ள போகலைன்னா கோபப்படாதீங்க. உள்ளே உட்காரக் கட்டை இருக்கா? முட்டையிடுற பெட்டியைவிட அது உயரமா இருக்கா? குஞ்சும் ஏற ஒரு படி இருக்கா? பொழுது சாயும்போது உள்ளே கொஞ்சம் வெளிச்சம் இருக்கா? முதல்ல இதைப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.