ஒரே இடத்தில் தொடங்கிய இரு நாடுகள்: அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் சாலை மரணங்களின் வரலாறு

1971ஆம் ஆண்டில் அமெரிக்கச் சாலைகளில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 25 பேர் இறந்தனர். அதே ஆண்டில் நெதர்லாந்திலும் விகிதம் கிட்டத்தட்ட இதுவே. 2022இல் நெதர்லாந்தின் விகிதம் 4 அளவுக்கு இறங்கியிருந்தது. அமெரிக்காவில் அது 13ஐ ஒட்டி நின்றது. நெதர்லாந்து சமதரை நாடு, அங்குள்ளவர்கள் பரம்பரையாகச் சைக்கிள் ஓட்டுபவர்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வது வழக்கம். லட்சத்துக்கு 25 பேரைப் பறிகொடுத்த ஆண்டிலும் அது சமதரை நாடுதான் என்பதால் அந்த விளக்கம் போதாது. சாலையில் ஓர் உயிர் போனால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இரு சமூகங்களும் வெவ்வேறு விடை கண்டன. பிரிவு அங்கிருந்து தொடங்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவின் விடை 1920களில் உருவானது. அந்தப் பத்தாண்டில் மட்டும் மோட்டார் வாகனங்களால் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நகரங்களில் மாண்டவர்களில் பெரும்பாலோர் நடந்து சென்றவர்கள். அவர்களில் குழந்தைகள் ஏராளம். அதுவரை தெரு என்பது நடப்பதற்கும் விற்பதற்கும் விளையாடுவதற்கும் உரிய பொது இடமாக இருந்தது. ஆகவே மக்களின் கோபம் வண்டி ஓட்டியவர் மீதே திரும்பியது. பறிகொடுத்த பிள்ளைகளுக்காக நகரங்கள் ஊர்வலம் நடத்தின, நினைவுத்தூண் எழுப்பின.

1923இல் சின்சினாட்டி நகரில் நடந்தது இந்த வரலாற்றின் முக்கியமான கணம். ஊருக்குள் ஓடும் ஒவ்வொரு காரிலும் மணிக்கு 25 மைலுக்கு மேல் போகவிடாத வேகத்தடுப்புக் கருவியைப் பொருத்த வேண்டும் என்று கோரி சுமார் 42,000 பேர் கையெழுத்திட்டனர். கோரிக்கை வாக்கெடுப்புக்குச் சென்றது. கார் விற்பனையாளர்கள் ஒன்றுதிரண்டு, பெரும் செலவில் எதிர்ப்பிரச்சாரம் செய்து அதைத் தோற்கடித்தனர். (புதிய கார்களில் வேக எச்சரிக்கை அமைப்பு கட்டாயம் என்று ஐரோப்பிய ஒன்றியம் நடைமுறைப்படுத்தியது 2024இல். அதையும் ஓட்டுநர் அணைத்துவிட முடியும்.)

அந்தத் தோல்வியைவிட அதன் பின்விளைவு பெரிது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கோரிக்கை மீண்டும் எழாமல் இருக்க வேண்டுமானால் பழி இடம் மாற வேண்டும் என்பதை மோட்டார் துறை உணர்ந்துகொண்டது. கண்ட இடத்தில் தெருவைக் கடப்பவர் நாகரிகம் அறியாதவர் என்ற பிரச்சாரம் பள்ளிகள் வரை சென்றது. 1925இல் லாஸ் ஏஞ்சலிஸ் இயற்றிய போக்குவரத்து விதி, நடப்பவர்களைக் குறிப்பிட்ட கடவைகளுக்குள் ஒதுக்கியது. 1928இல் மத்திய வணிகத் துறையின் மேற்பார்வையில் நகரங்களுக்கென வெளியான மாதிரிச் சட்டமும் அதே வழியைப் பின்பற்றியது. ஒரு தலைமுறைக்குள், காரால் இறந்த குழந்தையின் பெற்றோரிடமே 'ஏன் தெருவில் விட்டீர்கள்' என்று கேட்கும் நிலை வந்தது. 1956இன் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் சாலைக்கு வழிவகுத்தது. செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசே ஏற்றது. வீடு ஓரிடம், கடை ஓரிடம், பள்ளி ஓரிடம் என்று ஊர்கள் விரிந்தன. கார் இல்லாதவருக்கு வேலையும் மருத்துவமும் எட்டாத தொலைவுக்குப் போயின.

1965இல் ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி எழுதிய நூல் கார் நிறுவனங்களை உலுக்கியது. 1966இல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. இருக்கைப் பட்டை, நொறுங்கி அதிர்ச்சி தாங்கும் முன்பகுதி, பின்னாளில் காற்றுப்பை எனப் பல வந்தன. இவை லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தன. ஆனால் காத்தது பெரும்பாலும் காருக்குள் இருந்த உயிர்களை. வெளியே நடப்பவரின் நிலையைக் கணக்கு காட்டுகிறது: 2009இல் 4,109 பாதசாரிகள் இறந்தனர், 2022இல் அது 7,500ஐத் தாண்டியது. காரின் முகப்பு உயர்ந்து, எடை கூடியதும், ஊருக்குள் ஓடும் சாலைகள் நெடுஞ்சாலை அகலத்தில் இருப்பதும் இதற்குரிய காரணங்களில் முதன்மையானவை.

நெதர்லாந்தும் முதலில் அதே பாதையில்தான் போனது. 1950களிலும் 60களிலும் சைக்கிள் பயணம் ஆண்டுதோறும் சரிந்தது. உத்ரெக்ட் நகரில் பழைய அகழிக் கால்வாயின் ஒரு பகுதியை மூடி, அதன் மேல் வாகனச் சாலை போட்டார்கள். 1971இல் நாடு முழுவதும் 3,200க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தனர்; அவர்களில் 400க்கும் மேல் குழந்தைகள்.

அந்த ஆண்டில் மகளைப் பறிகொடுத்தவர்களில் ஒருவர் விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர். பள்ளிக்குச் சைக்கிளில் போன ஆறு வயதுச் சிறுமி கார் மோதி இறந்தாள். 1972இல் 'டே டெய்ட்' இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்பது. விபத்து என்று எல்லோரும் சொல்லிப் பழகியதை அவர் கொலை என்று எழுதினார். அந்தத் தலைப்பே இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் தெருக்களை மறித்தனர், நடுச்சாலையில் மேசை போட்டு உண்டனர், அமைச்சர்களின் வாசலுக்குச் சென்றனர். 1973 நவம்பர் 4 முதல் எண்ணெய் நெருக்கடி காரணமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சறுக்குச் சக்கரம் கட்டி ஓடினார்கள். கார் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்பதை ஒரு முழு நாடும் கண்ணால் கண்ட வாரங்கள் அவை. 1975இல் சைக்கிள் ஓட்டுவோர் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர்.

இயக்கத்தின் கோபத்தைப் பொறியாளர்கள் கல்லும் மண்ணுமாக மாற்றியதுதான் அடுத்த கட்டம். டெல்ஃப்ட் நகரின் குடியிருப்புத் தெருக்களில் நடைமேடை விளிம்பை அகற்றி, தரையைச் சமமாக்கி, மரத்தையும் இருக்கையையும் வண்டி நிறுத்தத்தையும் மாறி மாறி வைத்தார்கள். நேர்க்கோட்டில் பாய வழியில்லாததால் ஓட்டுநர் தானாகவே நடை வேகத்துக்கு இறங்கினார். அங்கே காவலர் தேவைப்படவில்லை. 1976இல் இதற்குச் சட்ட வடிவம் கிடைத்தது. அதே காலத்தில் டில்பர்க்கிலும் ஹேக்கிலும் அமைத்த ஒற்றைச் சைக்கிள் பாதைகள் எதிர்பார்த்த அளவு புதியவர்களை இழுக்கவில்லை. ஊர் முழுக்கக் கண்ணி விடாமல் இணையும் வலை வேண்டும் என்ற பாடம் அதிலிருந்து கிடைத்தது. 1980களில் டெல்ஃப்ட் அதைச் செய்து பார்த்தது.

1992இல் நெதர்லாந்தின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இந்த அனுபவங்களைக் கோட்பாடாக்கியது. மனிதர் தவறு செய்யத்தான் செய்வார். அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைப்பது அமைப்பவரின் கடமை. வேகம் அதிகமான இடத்தில் சைக்கிளையும் காரையும் பிரி. சேர்ந்து போக வேண்டிய இடத்தில் வேகத்தை 30 கிலோமீட்டருக்குக் குறை. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் 30க்கும் 50க்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் உயிருக்கும் மரணத்துக்கும் உள்ள தூரம். சட்டமும் அதே திசையில் நின்றது. 14 வயதுக்குட்பட்ட சிறார் காரில் அடிபட்டால், மிக அரிதான விதிவிலக்கு தவிர, இழப்பீடு முழுவதும் மோட்டார் வாகனத் தரப்பின் பொறுப்பு. 1928இல் அமெரிக்கா நடப்பவர் தலையில் வைத்த சுமையை இங்கே சட்டம் நேர் எதிர்ப்பக்கம் ஏற்றியது.

ரயிலைச் சேர்க்காமல் இந்தக் கதை முழுமையாகாது. வீட்டிலிருந்து நிலையம் வரை சைக்கிள், அங்கிருந்து ரயில் என்ற இணைப்புதான் நீண்ட பயணத்துக்கும் பலருக்குக் காரைத் தேவையற்றதாக்கியது. உத்ரெக்ட் நிலையத்தின் அடியில் 2019 முதல் 12,500 சைக்கிள்களை நிறுத்த இடம் இருக்கிறது. அந்நகரில் முன்பு மூடிய கால்வாயில் 2020 செப்டம்பரில் மீண்டும் நீர் விட்டார்கள்.

நெதர்லாந்தின் வேலை முடிந்துவிடவில்லை. 2022இல் அங்கே இறந்த 745 பேரில் 291 பேர் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் முதியவர்கள்; மின்சார சைக்கிள் அவர்களை முன்பைவிடத் தொலைவுக்கும் வேகமாகவும் கொண்டுசெல்கிறது. குழந்தைகளுக்காக வரைந்த தெருவைத் தள்ளாத கால்களுக்காகவும் திருத்தி வரைய வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் தன் பெரும்பாலான தெருக்களில் வேக வரம்பை 30 கிலோமீட்டராகக் குறைத்தது.