மொட்டைச் சாட்சியும் வாழ்வோர் வரலாறும்

அலுவலகங்களிலும் ஊர்ப் பொதுக் காரியங்களிலும் மொட்டைக் கடிதம் என்று ஒன்று உண்டு. எழுதியவர் பெயர் இராது, கையொப்பம் இராது, பிறர் மீது பழி மட்டும் நிறைய இருக்கும். நேர்மையான அதிகாரி அதனை வைத்துக்கொண்டு எவரையும் தண்டிக்கமாட்டார். வேண்டுமானால், அதில் கண்ட செய்தி மெய்தானா என்று தாமே விசாரிக்கத் தொடங்குவார். சாதாரண அலுவலகத்தில் கைக்கொள்ளப்படும் இந்த முறை, வரலாற்று நூல்களில் பல வேளைகளில் கைவிடப்படுகிறது. அதே மொட்டைக் கடிதம், "பெயர் கூற விரும்பாத உயர் அதிகாரி" என்ற கோலத்தில் அச்சு நூலுக்குள் புகுந்துவிட்டால், அதற்குத் தனி மதிப்பு உண்டாகிவிடுகிறது. உயிரோடு வாழும் ஒருவரின் வரலாற்றை எழுதுகையில் இத்தகைய சாட்சியை எந்த அளவுக்கு ஏற்கலாம்? இந்தியாவின் முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய்க்கு நேர்ந்தது இதற்கு நல்லதொரு பாடமாகும்.

1983ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் சீமோர் ஹெர்ஷ், 'அதிகாரத்தின் விலை' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு பெருநூலை வெளியிட்டார். அதிபர் நிக்சனின் ஆட்சியில் வெளிநாட்டுக் கொள்கையை நடத்திய ஹென்றி கிஸ்ஸிஞ்சரைப் பற்றியது அந்நூல். ஹெர்ஷ் வம்பு எழுதிப் பிழைத்தவர் அல்லர். வியட்நாமில் மை லாய் என்னும் சிற்றூரில் அமெரிக்கப் படையினர் நிகழ்த்திய படுகொலையை 1969இல் உலகறியச் செய்து, மறு ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றவர். அவருடைய நூலின் ஓரிடத்தில், தேசாய் அமெரிக்க உளவு ஸ்தாபனமாகிய சி.ஐ.ஏ.வுக்குச் செய்தி கொடுத்து வந்தார் என்றும், அதற்காக ஆண்டுக்கு 20,000 டாலர் பெற்றார் என்றும் கண்டிருந்தது. இதற்கு ஆதாரம் யாது? பெயர் குறிப்பிடப்படாத முன்னாள் அமெரிக்க அதிகாரிகளின் வாய்மொழியே.

1896இல் பிறந்த தேசாய், பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ்த் தாம் வகித்த உத்தியோகத்தைத் துறந்து, காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றவர். பம்பாய் மாநில முதலமைச்சராகவும், இந்திய நிதியமைச்சராகவும், துணைப் பிரதமராகவும் இருந்து, 1977 முதல் 1979 வரை பிரதமர் பதவி வகித்தார். அவருடைய பிடிவாதத்தையும் கொள்கைகளையும் வெறுத்தவர் பலர் உண்டு. ஆயினும், நாட்டை விலைக்கு விற்றவர் என்பது வேறு வகைப்பட்ட குற்றச்சாட்டு அன்றோ? நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 87. அது முழுப் பைத்தியக்காரக் கதை என்று மறுத்த அவர், 5 கோடி டாலர் கேட்டு அமெரிக்காவில் மான நஷ்ட வழக்குத் தொடுத்தார்.

சிக்காகோ நகரில் 1989இல் விசாரணை நடந்தது. அப்போது தேசாய்க்கு வயது 93. உடல் நலிவால் அவர் நேரில் செல்ல இயலவில்லை. ஹெர்ஷ் தமக்குச் செய்தி கூறியவர்களின் பெயர்களை வெளியிட மறுத்தார். கிஸ்ஸிஞ்சரும், 1966 முதல் 1973 வரை சி.ஐ.ஏ.வின் தலைவராயிருந்த ரிச்சர்ட் ஹெல்ம்ஸும், தேசாய் அந்த ஸ்தாபனத்துக்காக வேலை செய்ததில்லை என்று சத்தியப் பிரமாணத்தின் மேல் சாட்சி கூறினர். எனினும் ஜூரிகள் ஹெர்ஷின் பக்கமே தீர்ப்பளித்தனர். மேல்முறையீட்டிலும் 1992இல் அதுவே உறுதியாயிற்று.

இதைக் கேட்டவுடன், "ஆகவே குற்றச்சாட்டு மெய்யென்று கோர்ட்டே கூறிவிட்டது" என்று பலர் முடிவு கட்டினர். அது தவறு. அமெரிக்காவில், 1964இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கும் சல்லிவன் என்பவருக்கும் நடந்த வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு விதி வகுத்தது. பொது வாழ்வில் உள்ள ஒருவர், தம்மைப் பற்றி எழுதியது பொய் என்று காட்டினால் மட்டும் போதாது; பொய்யென்று அறிந்தே எழுதினார், அல்லது மெய் பொய்யைச் சற்றும் சட்டை செய்யாமல் எழுதினார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். பத்திரிகைச் சுதந்திரத்தைக் காக்க எழுந்த விதி இது. இங்கிலாந்துச் சட்டத்தைத் தழுவிய மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளிலோ, எழுதியது உண்மை என வாதாடினால் அதை நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவருடையதே. ஆகவே, சிக்காகோ தீர்ப்பின் பொருள், ஹெர்ஷ் தீய நோக்கோடு எழுதினார் என்பது நிரூபணமாகவில்லை என்பதே. தேசாய் பணம் வாங்கினாரா என்னும் கேள்விக்கு அது விடை கூறவில்லை. கோர்ட்டின் கேள்வி வேறு. வரலாற்றின் கேள்வி வேறு.

பெயர் கூறாத சாட்சியே ஆகாது என்று ஒரேயடியாகத் தள்ளிவிடலாமா? அதுவும் பொருந்தாது. வாட்டர்கேட் ஊழல் வெளிப்படத் துணைசெய்தவர்களுள் ஒருவர் 33 ஆண்டுகள் பெயர் மறைத்திருந்தார். அமெரிக்கக் குற்றப் புலனாய்வுத் துறையில் இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் ஃபெல்ட் என்பவரே அவர் என்பது 2005இல்தான் தெரியவந்தது. அன்று பெயரைக் கூறியிருந்தால் அவர் பதவி போயிருக்கும், உண்மையும் புதைந்திருக்கும். ஆனால் நிக்சன் 1974இல் பதவி விலக நேர்ந்தது ஃபெல்ட்டின் சொல்லால் மட்டும் அன்று. பெயர் கூறிச் சாட்சியளித்தோர் இருந்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, நிக்சனின் சொந்தக் குரலே பதிவான ஒலிநாடாக்கள் இருந்தன. மறைந்திருந்தவர் வழி காட்டினார். அவ்வழியே சென்றவர்கள் ஆதாரத்தைக் கண்டெடுத்தனர். தேசாயின் விஷயத்தில், அத்தகைய ஆவணம் எதுவும் வாசகர் முன் வைக்கப்படவில்லை.

ஹெல்ம்ஸின் சாட்சியத்தை ஐயுறுவோரும் உண்டு. உளவுத் தலைவர் தம் ஆளைக் காட்டிக்கொடுப்பாரா என்று அவர்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆனால் அக்கேள்வியை நாம் கேட்க முடிவது எதனால்? அவர் யார், என்ன பதவி வகித்தார், எதை மறைக்கக் காரணம் உண்டு என்பவை நமக்குத் தெரிந்திருப்பதால்தான். மொட்டைச் சாட்சியிடம் அந்த ஐயத்தைக்கூட எழுப்ப இயலாது. அவர் நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, பழைய பகை உடையவரா என்பன எதுவும் தெரியா. தேசாய் 1969 ஜூலையில் அமைச்சரவையை விட்டு விலகியவர்; 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது எதிர்க்கட்சியில் இருந்தார். அமைச்சரவை இரகசியம் அன்று அவருக்கு எப்படி எட்டியிருக்கும் என்று சாட்சியிடம் கேட்கவேண்டாமா? கேட்பதற்குத்தான் ஆள் இல்லையே!

இன்னுமோர் ஆபத்தும் உண்டு. ஒரு நூலில் வந்த குற்றச்சாட்டைப் பின்வந்த நூல்களும் கட்டுரைகளும் எடுத்தாள்கின்றன. பத்து இடங்களில் கண்டவர், பத்துச் சாட்சிகள் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். பத்தும் பிரதிகளே, மூலம் ஒன்றுதான். அந்த மூலத்துக்கும் முகம் இல்லை.

மாண்டவர் மீது கூறும் பழி அவரைச் சுடாது. உயிரோடிருப்பவரோ, அதனைத் தம் வீட்டிலும் வீதியிலும் சுமந்து திரியவேண்டும். தேசாய் தம் 99ஆம் வயதில், 1995 ஏப்ரலில் காலமானார். வாழ்வின் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பழி அவரைத் தொடர்ந்தது. இடையே 1991இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது. விருது பழியைப் பொய்யாக்கிவிடவில்லை. பழி நிரூபணமாகவும் இல்லை.

எனவே வாழ்வோர் வரலாற்றை எழுதப் புகுவோர், பெயர் மறைத்தோர் கூற்றை விசாரணையின் தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது. ஆவணமோ, பெயருள்ள வேறொரு சாட்சியோ கிட்டாதபோது, ஒருவரின் மானத்தைப் போக்கும் செய்தியை எழுதாமல் விடுவதே முறை. படிக்கும் நாமும் இத்தகைய பக்கத்தைக் காணும்போது, சற்று நின்று கேட்கவேண்டும்: இதைச் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு ஆதாரம் உண்டா? பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் கற்பிப்பதோடு இம்மூன்று கேள்விகளையும் கற்பித்தால், அவர்கள் வரலாறு கற்றவர் ஆவர்.