சோற்றுக்கு விட்ட பிள்ளைகள்

தமிழ் சினிமா தாயைத் தெய்வமாக்கியதற்குப் புறநானூற்று வீரத்தாயிடமும் அம்மன் வழிபாட்டிலும் காரணம் தேடுவார்கள். அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. பாய்ஸ் கம்பெனி வரை போனால் போதும். மேடையில் தம் இஷ்டத்துக்குப் பேசிய பெரிய நடிகர்களோடு மாரடிக்க முடியாமல், சிறுவர்களை மட்டும் வைத்து நாடகம் நடத்தும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஜெகந்நாதய்யர், சச்சிதானந்தம் பிள்ளை, நவாப் ராஜமாணிக்கம் ஆகியோரின் கம்பெனிகளும் இந்த வழியில் பேர் பெற்றவை. பையன்களுக்குக் கம்பெனி வீட்டில் சாப்பாடும் படுக்கையும் கிடைத்தன. பாட்டு, வசனம், ஆட்டம் எல்லாம் வாத்தியாரின் கண்டிப்பில் கற்றார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் வேடங்கள் கைநழுவும். கூத்தாடி என்பது வசைச்சொல்லாக இருந்த காலத்தில் வயிற்றுக்குக் கவலையில்லாத வீடுகள் பிள்ளைகளை இங்கே அனுப்பியிருக்கும் என்று நம்ப இடமில்லை.

1917இல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரின் கதை இதற்கு நேர்ச் சான்று. தந்தை கோபால மேனன் இறந்தபின் தாய் சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் அண்ணன் சக்கரபாணியும் அவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார்கள். தாயின் தியாகம் முதலில், மகனின் கைம்மாறு பிறகு என்றே நாம் இந்தக் கதையைச் சொல்கிறோம். நடந்தது வேறு. வீட்டில் ஒரு வாய் குறைந்ததே பிள்ளை செலுத்திய முதல் தவணை; அதை அவன் பால்பல் விழும் வயதிலேயே செலுத்திவிட்டான். சத்தியா ஸ்டுடியோ, ராமாவரம் தோட்டத்தில் தாய்க்கு எழுப்பிய கோயில், 'தாய் சொல்லைத் தட்டாதே', 'தாயைக் காத்த தனயன்' படங்கள் எல்லாம் கடனடைப்பு என்பதைவிட, பாதியில் பறிபோன தாய்மடியின் ஏக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிவாஜி கணேசனை யாரும் அனுப்பவில்லையே, நாடக ஆசையால் தானே ஓடிப்போனவர்தானே என்று கேட்கலாம். உண்மைதான், டி.கே.எஸ். சகோதரர்கள்கூட நடிகரான தந்தையோடுதான் சுவாமிகளின் சபைக்கு வந்தார்கள். ஆனால் கம்பெனியில் இடம் பிடிக்கச் சிவாஜி சொன்ன பொய், தான் அநாதை என்பது. ஆசை அவரைக் கூட்டிப்போயிருக்கலாம். கதவைத் திறந்த சொல் ஏழ்மையின் சொல்தான். அந்தப் பொய்யைச் சொன்னவர்தான் பின்னாளில் தம் வீட்டுக்கு அன்னை இல்லம் என்று பெயர் வைத்தார். கம்பெனி இல்லையென்றால் இந்தக் கலைஞர்கள் ஏது என்ற வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடுதான். குரல் உடைந்தபின் பேர் தெரியாமல் போன பையன்களை அந்தக் கணக்கு சேர்ப்பதில்லை. அவர்களுடைய தாய்மார்களுக்கு யாரும் கோயில் கட்டவில்லை.

ஆகவே கைம்மாறு என்று ஒன்றைச் சொல்வதானால் ஸ்டுடியோவையும் கோயிலையும் நான் சொல்லமாட்டேன். காமராஜர் 1950களில் பள்ளிகளில் பரவலாக்கிய மதிய உணவை, சிறுவயதுப் பசியை நினைவுகூர்ந்தே எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1982 ஜூலை 1 அன்று கிராமங்களில் தொடங்கிய அது, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் 15 வயது வரையிலான மாணவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருவேளைச் சோற்றுக்காகப் பிள்ளையைப் பிரிய வேண்டிய கட்டாயத்தை அது பல தாய்மார்களுக்குக் குறைத்தது.