பேர் வைக்கப் போன கதை

2023 ஜூலையில், புனேயில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் கையில் கட்டிய பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு தங்கமணியின் பேரை எழுதியிருந்தார்கள். அந்த 'பேபி ஆஃப்' பதினோரு மாதம் ஓடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் முன்பே ஒரு பேரை முடிவு செய்து வைத்திருந்தேன். எழிலி. மேகம் என்று பொருள். திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தில் வரும் சொல். மழையில் பிறந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்க முடியும் என்று ஒரே பெருமை எனக்கு.

"எழிலியா? எலி மாதிரி இருக்குடா. பள்ளிக்கூடத்துல எலி எலின்னுதான் கூப்பிடுவாங்க" என்றார் அம்மா, திண்டுக்கல்லில் இருந்து போனில். மாமனார் ஜாதகத்தோடு வந்தார். ரோகிணி நட்சத்திரம், அதனால் ஓ, வ, வி, வு இவற்றில் ஒன்றில்தான் பேர் தொடங்க வேண்டுமாம். ஆபீஸ் நண்பர்கள் இங்கிலீஷில் எழுதிக் காட்டச் சொல்லி, படித்துவிட்டு, "ஈஸிலி?" என்றார்கள். அன்றிலிருந்து நான் 'ஈஸிலியின் அப்பா'. தேவநாகரியில் 'ள'வுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் நம் 'ழ'வுக்கென்றே ஓர் எழுத்து இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரை நான் இங்கே இன்னும் பார்க்கவில்லை.

நமக்குத்தான் வாதத்தில் தோற்றால் தூக்கம் வராதே. புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழன் எப்படித்தான் பேர் வைத்தான்?

முதல் விடை நம் வாயிலேயே இருக்கிறது. பேரன் என்பது பெயரன். பேத்தி என்பது பெயர்த்தி. தாத்தா, பாட்டி பேரைத் தாங்குகிறவர்கள். பேருக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலையே அன்றைக்கு இல்லை. சோழர்கள் பட்டப்பெயரைக்கூட ராஜகேசரி, பரகேசரி என்று மாற்றி மாற்றித்தான் சூடினார்கள்; இரண்டு பட்டத்திலேயே தலைமுறைகள் ஓடிவிட்டன. முதலாம் ராஜராஜனின் அக்கா குந்தவை. அவன் மகளுக்கும் அதே பேர்தான். நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அதனால் பெரியவர் பேரை வைத்துவிட்டு, கூப்பிடுவதற்கு ஒரு செல்லப்பேரைத் தேடுவார்கள். ஆளுக்கு இரண்டு பேர் என்பது அப்படி வந்த பழக்கம்.

நட்சத்திர எழுத்து விஷயத்தில் மாமனாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108 எழுத்து. அதில் திருவாதிரைக்கு வரும் எழுத்துகளில் ஒன்று 'ங'. ஙவில் ஆரம்பிக்கும் தமிழ்ப்பேர் ஒன்று சொல்லுங்கள், மாமா? அந்த அட்டவணை தமிழ்ச் சொற்களை மனதில் வைத்துப் போட்டதல்ல. மாமா சிரித்தார். ஆனால் ஜாதகத்தை மூடவில்லை.

அடுத்தது தனித்தமிழ்க் காலம். சூரியநாராயண சாஸ்திரியார் (1870-1903) தன் பேரைப் பரிதிமாற் கலைஞர் என்று மாற்றிக்கொண்டார். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். 1916-ல் சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். அவர் நடத்திய 'ஞானசாகரம்' இதழும் 'அறிவுக்கடல்' ஆனது. அப்புறம் திராவிட இயக்கம். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். இவர்கள் எல்லாம் விவரம் தெரிந்தபின் தாங்களே மாற்றிக்கொண்டவர்கள் என்பதைக் கவனியுங்கள். நான் அப்போது கவனிக்கவில்லை.

நம் பேர்களில் இனிஷியல் மட்டும் நிற்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன் பலனைத்தான் இங்கே ஒவ்வொரு விண்ணப்பத்திலும் 'சர்நேம்' கட்டத்தின் முன்னால் பேனாவோடு விழித்துக்கொண்டு நாம் அனுபவிக்கிறோம் :-) என் அப்பா பேர் எனக்குச் சர்நேம். என் பேர் என் மகளுக்கு. ஒரே வீட்டில் இரண்டு சர்நேமா என்று வாட்ச்மேன் முதல் பேங்க் வரை கேட்டாயிற்று. அந்தச் சங்கடத்தை நான் சந்தோஷமாகவே படுகிறேன்.

இவ்வளவையும் திரட்டி அம்மாவிடம் போனில் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். "சரிடா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதற்கு 'சரியில்லை' என்று அர்த்தம்.

நிற்க. இன்னொரு வகைப் பேர் உண்டு. பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில், அடுத்து வருவதைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பாயி என்று வைப்பார்கள். கேவலமான பேர் இருந்தால் எமன் சீந்த மாட்டான் என்று நம்பிக்கை. பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால், கடைசியாக வந்தவளுக்குப் 'போதும்பொண்ணு'. திருத்தணிப் பக்கம் 'வேண்டாம்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

இது நம் ஊர் அசிங்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஆஜி ஒருநாள் பேச்சுவாக்கில் 'நகுஷி' என்றார். வேண்டாதவள் என்று பொருளாம். இங்கிருந்து சுமார் 110 கிலோமீட்டரில் இருக்கிற சாத்தாராவில், 2011 அக்டோபரில், இப்படிப் பேர் கொண்ட 285 பெண்களுக்கு அரசு விழா எடுத்துப் புதுப்பேர் கொடுத்தார்கள். பிடித்த பேரை அவர்களே சொல்லலாம் என்று விட்டார்களாம்.

குழந்தையைப் பார்க்க அம்மா புனே வந்திருந்தபோது இதைச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"எங்கம்மா பேரு என்ன தெரியுமாடா உனக்கு?"

"அம்மாச்சி பேரா? பொன்னம்மா."

"அது கல்யாணத்துக்கு அப்புறம் உங்க தாத்தா கூப்பிட்டது. ரேஷன் கார்டுல போதும்பொண்ணுதான். அஞ்சாவது பொண்ணு. கடையில அந்தப் பேரைச் சத்தமாக் கூப்பிடுவாங்க. வரிசையில நிக்கிறவங்க சிரிப்பாங்க. எங்கம்மாவும் சேர்ந்து சிரிச்சுக்கிட்டே போய் சர்க்கரை வாங்கும். நான் பையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிப்பேன்."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஜாதகமாவது ஒண்ணாவது. கூப்பிட்டா நாலு பேர் சிரிக்கிற பேரு நம்ம வீட்டுல இன்னொண்ணு வேணாமேன்னுதான் சொன்னேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. மறைமலை அடிகள் தன் பேரைத் தானே மாற்றிக்கொண்டார். சிரிப்பு வந்தால் அதையும் அவரே தாங்கினார். நான் என் ஆசைக்கு ஒரு பேரை வைத்துவிட்டு, சிரிப்பை ஒரு குழந்தை தாங்கட்டும் என்று விட்டிருக்கிறேன். 'ஈஸிலி' கேலிக்கு நானே சேர்ந்து சிரித்ததும் ஞாபகம் வந்தது.

"வேற பேர் பார்க்கலாம்மா" என்றேன்.

"அதுக்கு என்ன அர்த்தம்னு சொன்ன?"

"மேகம். மழை கொண்டுவர்ற மேகம்."

அம்மா ஜன்னலைப் பார்த்தார். எங்கள் ஊரில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர் அவர். "மழையை நம்ம ஊர்ல யாருடா போதும்னு சொன்னா? அதையே வை. யாராச்சும் சிரிச்சா அர்த்தத்தைச் சொல்லக் கத்துக்குடு. எங்கம்மாவுக்குத்தான் அதுக்கு வழியில்லாமப் போச்சு."

பிறப்புச் சான்றிதழில் பேர் சேர்க்க, பதிவு செய்ததிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை சேர்க்கலாம். பதினோராவது மாதம் எழுதிக் கொடுத்தோம். வீட்டில் பேர் சூட்டியபோது ஆஜியும் வந்திருந்தார். மராத்தி வழக்கப்படி குழந்தையின் காதில் பேரைச் சொல்ல வேண்டியது 'ஆத்யா', அதாவது அப்பாவின் அக்காளோ தங்கையோ. நம் அத்தைதான்! என் தங்கை மூன்று முறை சொன்னாள். மாமனாருக்காக ஜாதகத்தில் வள்ளி. அருண்மொழிக்கு ராஜராஜன் என்று இன்னொரு பேர் இருந்தபோது என் மகளுக்கு இரண்டு இருக்கக்கூடாதா?

இப்போது 'எலி' என்று யாராவது சொன்னால், "எலி இல்ல, எழிலி. மழை மேகம்" என்று அவளே சொல்கிறாள். 'ழ' இன்னும் சரியாக வரவில்லை. பெரியவளாகி இந்தப் பேர் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளட்டும். அந்த உரிமைக்கும் நம் வரலாற்றில் ஆள் இருக்கிறார்கள்.