கோடு மாறாத தெருக்கள், முகம் மாறிய வீடுகள்

புதுச்சேரியில் வழி கேட்டால் என் வயதுக்காரர்கள் இன்னமும் ஒரு தெருவுக்கு இரண்டு பெயர் சொல்வார்கள். நேரு வீதி என்று சொல்லிவிட்டு, "அதான், பழைய துய்ப்ளெக்ஸ் வீதி" என்பார்கள். லால் பகதூர் சாஸ்திரி வீதி நமக்கு இன்றும் புஸ்ஸி வீதிதான். அண்ணா சாலை மேற்கு புல்வார். சுப்பையா சாலை தெற்கு புல்வார். ரொமேன் ரோலான் வீதிகூட ஒரு காலத்தில் கப்புச்சின் பாதிரிமார் பெயரில்தான் இருந்தது.

பணியில் இருந்த நாட்களில், பிரெஞ்சு படித்தவன் என்பதால் பழைய நொத்தேர் பத்திரங்கள் பல என் மேசைக்கு வரும். அவற்றில் மனைக்கு நான்கெல்லை எழுதியிருப்பார்கள்: கிழக்கே இன்ன தெரு, வடக்கே இன்னார் மனை என்று. தெருவின் பெயர் மாறியிருக்கும், அண்டை வீட்டுக்காரர் வம்சமே இடம் பெயர்ந்திருக்கும். ஆனால் தெரு மட்டும் பத்திரம் சொன்ன இடத்திலேயே இருக்கும். இந்த ஊரின் வரலாறும் ஏறக்குறைய அப்படித்தான்.

1693இல் டச்சுக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்து, 1699 வரை வைத்திருந்தார்கள். நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் நம் தெருக்களுக்குத் திட்டம் வரைந்தவர்கள் அவர்களே. திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே பின்பற்றினார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைத்தது. 1765 முதல் லா தெ லொரிஸ்தோன் காலத்தில் மீண்டும் கட்டத் தொடங்கியபோதும் பழைய கோடுகளே துணை நின்றன. பிற்காலத்தில் மதில் இருந்த வளைவில் புல்வார் சாலைகள் வந்தன. கட்டடம் இடிந்தாலும் தெருக்கோடு அழியவில்லை.

அந்தக் கோடுகளின் நடுவே பெரிய வாய்க்கால் ஓடி ஊரை இரண்டாகப் பிரித்தது. கிழக்கே கடலோரம் வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வெள்ளாளர் வீதி, செட்டி வீதி, வைசியாள் வீதி, முல்லா வீதி என்ற பெயர்களே யார் எங்கே குடியிருந்தார்கள் என்பதைச் சொல்லும். அந்தப் பிரிவினையின் நியாய அநியாயம் வேறு கதை. நான் சொல்ல வருவது வீடுகளைப் பற்றி.

கிழக்குப் பகுதி வீடு தெருவுக்கு முதுகு காட்டும். உயர்ந்த மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம், தூண்கள் வைத்த முகப்பு. மேற்குப் பகுதி வீடு தெருவைப் பார்த்துச் சிரிக்கும். முதலில் மரக்கால்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம்; அடுத்து திண்ணை; பிறகு வாசற்கதவு, ரேழி, முற்றம். தாழ்வாரமும் திண்ணையும் வீட்டுக்காரர் செலவில் கட்டியவை, ஆனால் அவற்றை அனுபவித்தது வழிப்போக்கர். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீடுகள் ஒட்டி ஒட்டி இருந்ததால் பல தெருக்களில் நிழலிலேயே நெடுந்தூரம் நடந்துவிடலாம்.

காலப்போக்கில் இரண்டும் கலந்தன. கீழே தமிழ்த் திண்ணை, மேலே பிரெஞ்சு வளைவு ஜன்னலும் பால்கனியும் கொண்ட மாடி வீடுகள் தோன்றின. ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப்பிள்ளை வீடு இந்தக் கலப்புக்கு மிகப் பழைய சாட்சி. உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாத வீட்டு வகை இது.

இன்று வெளியூரார் படம் எடுக்க வருவது கிழக்குப் பகுதிக்கு. அங்கே மஞ்சளும் வெள்ளையும் பூசிய சுவர்கள் ஓரளவு பிழைத்துவிட்டன, ஹோட்டல்களாகவேனும். மேற்கேதான் இழப்பு அதிகம். காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. நான்கு அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தால் முற்றத்தின் குறுக்கே சுவர் எழும்புகிறது. ஸ்கூட்டர் நிறுத்தத் திண்ணை இடிபடுகிறது. கடை வாடகை வரும் என்றால் தாழ்வாரம் போய் ஷட்டர் வருகிறது. மெட்ராஸ் டெரஸ் ஒழுகினால் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை. அவசரத்துக்குச் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசுகிறோம். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரையே அரித்துவிடுகிறது.

பராமரிப்பு இல்லாவிட்டால் அரசுக் கட்டடமும் தப்பாது. 19ஆம் நூற்றாண்டில் கடற்கரையில் கட்டிய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதே வடிவில் மீண்டும் கட்டி 2021இல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசு ஒரு மேரியைத் திரும்பக் கட்டலாம். செட்டி வீதியில் இடிபடும் ஒவ்வொரு திண்ணையையும் யார் திரும்பக் கட்டுவார்?

முடியாத காரியம் இல்லை என்பதற்கு வைசியாள் வீதி சான்று. 2000க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித் திட்டத்தில், இன்டாக் அமைப்பின் துணையோடு, அங்குள்ள வீடுகளின் முகப்புகளைப் பழையபடி சீர்செய்தார்கள். 2008இல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. வீட்டுக்காரர்கள் சம்மதித்ததால் நடந்த வேலை அது. உள்ளே குழாயும் மின்சாரமும் ஏசியும் வேண்டியபடி வைத்துக்கொண்டே முகப்பைக் காப்பாற்ற முடியும் என்பது தெரிந்துவிட்டது.

ஆகவே, இன்னும் பழைய வீடு கையில் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது, தெருவை ஒட்டிய முதல் பத்தடியை, அதாவது தாழ்வாரத்தையும் திண்ணையையும், யாருக்கும் தனிப் பங்காக்காமல் பொதுவில் விட்டு எழுதுங்கள். பின்பக்கம் அவரவர் விருப்பப்படி கட்டிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அதனால் பெரிய நஷ்டம் வராது. தெருக்கோட்டை முந்நூறு வருடமாக யார் யாரோ நமக்குக் காத்துக் கொடுத்தார்கள். அந்தக் கோட்டின் ஓரத்து நிழலைக் காப்பது நம் முறை.