சைபீரியாவின் சேபிள் திறை

1595-ஆம் ஆண்டு மாஸ்கோவிலிருந்து பிராக் நகரத்துக்கு ஒரு தூதுக்குழு போய்ச் சேர்ந்தது. துருக்கியரோடு போரில் இறங்கியிருந்த புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் ரஷ்யாவிடம் உதவி கேட்டிருந்தார். ஜார் ஃபியோதர் அனுப்பியது படையல்ல, பொன்னுமல்ல, விலங்குத் தோல்கள். 40,000-க்கும் மேற்பட்ட சேபிள் தோல்களும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அணில் தோல்களும் பேரரசரின் அரண்மனையில் அறை அறையாகப் பரப்பி வைக்கப்பட்டன. ரஷ்யா சைபீரியாவுக்குள் கால்வைத்து அப்போது பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை.

சேபிள் சிறிய விலங்கு. ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். நீண்டு ஒடுங்கிய உடல், அடர்ந்த பழுப்பு அல்லது கருமையான மயிர். நீலகிரிச் சோலைக்காடுகளில் அரிதாகக் கண்ணில் படும் மார்ட்டன் இதே பேரினத்தைச் சேர்ந்தது. யூரல் மலைக்குக் கிழக்கே பசிபிக் கரைவரை நீளும் ஊசியிலைக் காடுகளில் எலி, பைன் கொட்டை, காட்டுப்பழம் ஆகியவற்றைத் தின்று தனியாக வாழும். கடுங்குளிர் அதன் மயிரை மேலும் நெருக்கமாக்கும். அந்த மென்மைக்காக மாஸ்கோ, இஸ்தான்புல், பெய்ஜிங் அரண்மனைகள் எந்த விலையும் கொடுத்தன.

எர்மாக் என்ற கொசாக் தலைவன் ஸ்ட்ரோகனோவ் வணிகக் குடும்பத்தின் ஆதரவோடு யூரலைத் தாண்டி, 1582-இல் மேற்கு சைபீரியாவை ஆண்ட குச்சும் கானின் தலைநகரைப் பிடித்தான். அதன்பின் நடந்ததன் வேகம் இன்றைக்கும் வியப்பளிப்பது. 1587-இல் தோபோல்ஸ்க், 1604-இல் தோம்ஸ்க், 1619-இல் யெனிசெய்ஸ்க், 1632-இல் யாகுட்ஸ்க் என்று ஆற்றங்கரைகளில் மரக்கோட்டைகள் எழுந்தன. 1639-இல் இவான் மொஸ்க்வீத்தினின் ஆட்கள் அகோட்ஸ்க் கடலின் கரையில் நின்றார்கள். அறுபதே ஆண்டுகளில் ஒரு கண்டத்தின் அகலத்தைக் கடந்தாயிற்று. இவ்வளவு வேகத்துக்குக் காரணம் வீரம் என்று எழுதும் நூல்கள் உண்டு. வீரமும் இருந்திருக்கலாம். ஆனால் அவர்களை இழுத்துக்கொண்டு போனது சேபிள்தான். ஒரு காட்டில் அது தீர்ந்ததும் அடுத்த ஆற்றுக்கு நகர்ந்தார்கள். அங்கே ஒரு கோட்டை முளைத்தது.

தீர்ந்துபோவது எளிது. சேபிள் குட்டி வளர்ந்து இனம்பெருக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நான்கு குட்டிகள், அவ்வளவே. கூட்டுவேட்டைக்கு வந்த ரஷ்யர்கள் குளிர்காலம் முழுக்கக் காட்டில் குடிசை போட்டுத் தங்கினார்கள். மரக்கட்டை விழுந்து நசுக்கும் பொறிகளை வரிசையாக வைத்தார்கள். நாயை விட்டு மோப்பம் பிடித்து, வளையைச் சுற்றி வலை கட்டினார்கள். தோல்களை நாற்பது நாற்பதாகக் கட்டினார்கள். பத்தில் ஒன்று அரசுக்கு.

தாஸ் ஆற்றங்கரையில் 1601-இல் எழுந்த மங்கசேயா நகரம் இந்த வாணிகத்தின் பிள்ளை. வெண்கடல் பகுதி மக்கள் படகுகளில் வடதுருவக் கடலோரமாக வந்து, யமால் தீபகற்பத்தின் குறுக்கே படகை இழுத்துக் கடந்து அங்கே சேர்ந்தார்கள். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் அதே வழியில் நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் மாஸ்கோ 1619-இல் அந்தக் கடல்வழியையே தடைசெய்தது. வழி அடைபட்டது, சுற்றுவட்டாரத்தில் சேபிளும் அருகியது. 1672-இல் நகரத்தைக் கைவிட்டார்கள். மூன்று நூற்றாண்டு கழித்து, 1968-இல் மிகயீல் பேலோவ் தலைமையில் தொல்லியலாளர்கள் அந்த மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள்.

இவை அனைத்தும் ஆளில்லாத காட்டில் நடந்தவை அல்ல. கான்டி, மான்சி, நெனெத்ஸ், எவென்கி, யாகூத், யூககீர் என்று பல மக்களின் வாழ்விடம் அது. எவென்கிகள் கலைமான் மேல் ஏறிப் பயணிப்பவர்கள். பிர்ச் பட்டையாலும் தோலாலும் வேய்ந்த கூம்புக் கூடாரத்தில் தங்கி, வேட்டையின் போக்குக்கேற்ப இடம் மாறுபவர்கள். அவர்களுக்கு உணவு தந்தவை எல்க் மானும் காட்டுக் கலைமானும் மீனும். சேபிள் அவர்கள் வாழ்வில் சிறு இடம்தான் பெற்றிருந்தது. அதைப் பெரிதாக்கியது திறை.

ரஷ்யர்கள் அந்தத் திறையை யாசாக் என்றார்கள். உடல்வலுவுள்ள ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் இத்தனை சேபிள் என்று கொண்டுவந்து கோட்டையில் கொடுக்க வேண்டும். கொடுப்பார்களா என்ற ஐயம் ஆளுநருக்கு இருக்கக் கூடாது அல்லவா? அதற்காகக் குலத் தலைவர்களின் மகன்களையும் உடன்பிறந்தவர்களையும் பிடித்துக் கோட்டைக்குள் பிணையாக வைத்தார்கள். திறையோடு வந்தவர்கள் தம் ஆள் உயிரோடிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே தோலைக் கொடுத்தார்கள். குடும்பத்துக்கு இறைச்சி தேட வேண்டிய குளிர்கால நாள்கள் சேபிளைத் தேடுவதில் போயின. கூடவே பெரியம்மை வந்தது. அதுவரை அந்நோயை அறியாத கூடாரங்கள் ஆளற்றுப் போயின. 17-ஆம் நூற்றாண்டிலேயே யூககீர் மக்களின் தொகை பெருமளவு சரிந்தது.

மாஸ்கோவின் கருவூலம் நிறைந்தது. தோல் வருவாய் ஒரு கட்டத்தில் அரசின் மொத்த வருவாயில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்ததாக வரலாற்றாசிரியர் ரேமண்ட் ஃபிஷர் கணக்கிட்டார். 1637-இல் சைபீரியாவுக்கெனத் தனித்துறையே அமைந்தது. தோல்களை எண்ணுவதும் தரம்பிரிப்பதும் அதன் முக்கிய வேலைகள். காட்டில் கையிருப்பு குறைந்ததும் வேட்டைக்காரர்கள் கடலுக்குள் இறங்கினார்கள். கடலோடி பேரிங்கின் கப்பல் 1741-இல் கரைதட்டிய தீவில் இயற்கையியலாளர் ஸ்டெல்லர் விவரித்த பெருங்கடற்பசு, கடல் நீர்நாய்த் தோலுக்கு வந்தவர்களின் உணவாகி, 1768 வாக்கில் அற்றுப்போனது. ஐரோப்பியர் அதை அறிந்து இருபத்தேழு ஆண்டுகள்தான்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேபிளுக்கும் அந்த நிலைதான் காத்திருந்தது. அரசு விழித்துக்கொண்டது. 1913 பிப்ரவரி முதல் 1916 அக்டோபர் வரை நாடு முழுதும் சேபிள் வேட்டைக்குத் தடை வந்தது. 1914-இல் விலங்கியலாளர் கியோர்கி தோப்பெல்மாயர் தலைமையில் ஒரு குழு பைகால் ஏரியின் வடகிழக்குக் கரைக்குப் போனது. பார்குசின் மலைத்தொடரின் சேபிள்தான் எல்லாவற்றிலும் கருமையானது, விலை மிகுந்தது. குழு அங்கே ஓராண்டுக்கு மேல் தங்கிக் காட்டை அளந்தது, விலங்குகளை ஆராய்ந்தது, எல்லை வகுத்தது. அந்தப் பரப்பில் எஞ்சியிருந்தவை சில பத்துச் சேபிள்கள் மட்டுமே. ஜார் ஆட்சி கவிழ ஏறக்குறைய இரண்டு மாதமே இருந்த வேளையில், புதிய நாள்காட்டிப்படி 1917 ஜனவரி 11 அன்று, பார்குசின் இயற்கைக் காப்பகம் பிறந்தது. ரஷ்யாவின் முதல் அரசு இயற்கைக் காப்பகம் அதுதான்.

புரட்சி, உள்நாட்டுப் போர் இரண்டையும் காப்பகம் தாண்டி நின்றது. இதற்கிடையில் மாஸ்கோ விலங்குக்காட்சியகத்தில் விலங்கியலாளர் பியோத்தர் மந்தைஃபெல் சேபிளின் இனப்பெருக்கம் பற்றிய ஒரு புதிரை அவிழ்த்தார். சேபிள் குளிர்காலக் கடைசியில் இணைசேரும் என்றே அதுவரை நம்பினார்கள். கூண்டில் ஜோடி சேர்த்தும் குட்டி பிறக்கவில்லை. உண்மையில் அது கோடையில் இணைசேர்கிறது. கரு பல மாதம் வளராமல் உறங்கி, ஒன்பது மாதம் ஆனபிறகு வசந்தத்தில் குட்டி பிறக்கிறது. 1929-இல் அங்கே குட்டிகள் பிறந்தன. பிறகு பண்ணைகள் வந்தன. 1935-இல் வேட்டை மீண்டும் தடைபட்டது. உயிரோடு பிடித்த சேபிள்களை ஆயிரக்கணக்கில் வெறுமையான காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று ரஷ்யக் காடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சேபிள்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். வனவிலங்கு மீட்பின் பெரிய வெற்றிகளில் ஒன்று இது. அதைக் குறைத்துச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. காப்பகத்துக்கு எல்லை வகுத்த அந்தக் காடு ஷெமகீர் குலத்து எவென்கிகளின் வேட்டை நிலம். தலைமுறைகளாக அங்கே கலைமான் மேய்த்தவர்கள் அவர்கள். காப்பகம் வந்ததும் அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. சேபிளை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது அரண்மனைகளின் ஆசையும் திறையும் வணிகமும். நிலத்தை இழந்ததோ, பிணைக்கு மகனைக் கொடுத்த மக்களின் வழிவந்தவர்கள். பின்னர் சோவியத் ஆட்சியில் எவென்கிகளின் கலைமான்கள் கூட்டுப்பண்ணைக்குப் போயின, குழந்தைகள் விடுதிப் பள்ளிகளுக்குப் போனார்கள். 2010 கணக்கெடுப்பின்படி ரஷ்யாவில் எவென்கிகள் சுமார் 38,000 பேர். சிறு பூர்வகுடிகளின் மரபு வாழ்வுக்கான நிலங்களைப் பற்றிய கூட்டாட்சிச் சட்டம் 2001-இல்தான் வந்தது.

பார்குசின் பிறந்த ஜனவரி 11 இப்போது ரஷ்யா முழுவதும் காப்பகங்களின் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கொண்டாடத் தகுந்த நாள்தான். ஆனால் சேபிள் மீண்ட கதையை எழுதுகிறவர்கள் தோப்பெல்மாயரின் பெயர் வரும் அதே பக்கத்தில் ஷெமகீர் குலத்தின் பெயரையும் எழுத வேண்டும்.